நெல்லையப்பன் கூட்டிச் சொன்ன வருமானம்

1

இந்தக் கதை எனக்குக் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் கிடைத்தது. முன்னால் நின்ற ஒருவர் பக்கத்து ஆளிடம், "வருமானத்தைக் கூட்டிச் சொல்லி வரிக்காரங்ககிட்ட மாட்டின ஒரே மனுஷன் எங்க ஆரியசாலைக்காரருதான், கேட்டேளா" என்றார். யார், எவர் என்று நான் காதைத் தீட்டுவதற்குள் பஸ் வந்துவிட்டது. பேரைக்கூடச் சொல்லாமல் ஏறிப் போய்விட்டார். ஆக, அந்த ஒரு வாக்கியம் திருட்டு. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

முதல் ஆரம்பம்: "கொல்லம் ஆண்டு 1117, அதாவது 1942. திருவனந்தபுரத்தில் அன்று காலையிலிருந்தே மழை விடாமல்..."

(வேண்டாம். இந்த ஊரில் மழையோடு கதையைத் தொடங்குகிறவன் சோம்பேறி.)

இரண்டாவது: "நெல்லையப்பன் மிகவும் நேர்மையானவர், அவர் வாழ்நாளில்..."

(இதுவும் வேண்டாம். அடுத்த பகுதியைப் படித்ததும் என்னை அடிக்க வருவீர்கள்.)

2

நெல்லையப்பன் ஆரியசாலையில் மிளகாய் வத்தலும் மல்லியும் விற்கும் மொத்த வியாபாரி. தும்மாமல் யாரும் அவர் கடையைத் தாண்ட முடியாது. குடித்தனம் கடைக்கு மேலே, மாடியில். மகள் பாகீரதி காலேஜில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு வரன் பேச்சு நடந்தது. மாப்பிள்ளையின் அப்பா அழகியநம்பி, வருமான வரி ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. "யோசிச்சுச் சொல்லுகேன்" என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

தன் வருமானக் கணக்கு எழுதிய ரிட்டர்ன் அழகியநம்பியின் மேஜையைத் தாண்டித்தான் போகும் என்பது நெல்லையப்பனுக்குத் தெரியும். தெருவில் மற்ற வியாபாரிகளெல்லாம் வருமானத்தைப் பாதியாக்க மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, இவர் இரட்டிப்பாக்கினார். அதற்கான வரியைக் கட்ட, மனைவி மங்கலத்தின் காசுமாலை அடகுக்குப் போயிற்று. "பொண்ணு நல்ல இடத்துல போகணும்லா" என்று அவளே கழற்றிக் கொடுத்தாள்.

ஒன்றைத்தான் மறந்துவிட்டார். அடியில் மொத்தத்தை மாற்றியவர், மேலே இருந்த தொகைகளை அப்படியே விட்டுவிட்டார்.

3

ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. பாகீரதி படித்துச் சொன்னாள்.

"ரிட்டர்ன்ல கூட்டல் தப்பா இருக்காம் எப்பா. மேல உள்ளதைக் கூட்டினா நாலாயிரம்தான் வருது. நீங்க எட்டாயிரம் போட்டிருக்கியோ. சமாதானம் எழுதி அனுப்பணுமாம்."

"கையெழுத்து யாரு?"

"ஆபீசருக்காக, அழகியநம்பி."

நெல்லையப்பன் பக்கத்திலிருந்த வத்தல் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இப்படி எழுது மக்கா. மொத்தம் சரிதான், மேல சில வரவு விட்டுப்போச்சு."

"அப்பம் அந்த வரவைக் காட்டுன்னு கேப்பாங்க. எதைக் காட்டுவியோ? வத்தலையா?"

"சரி, அடிச்சிரு. கூட்டினது எம் மவ, அவளுக்குத் தப்பிப்போச்சுன்னு எழுது."

பேனா நின்றது.

"கணக்குப் படிக்கிற பொண்ணுக்குக் கூட்டத் தெரியாதுன்னா? அதுவும் அவங்ககிட்டயா? இல்லாததைச் சொன்னது நீங்க. அதுக்கு நான் முட்டாளாகணுமா?"

"இஞ்ச பாருங்க," என்றாள் மங்கலம் மாடிப்படியிலிருந்து, "அவளைத் தொட்டு ஒரு எழுத்து எழுதினா இன்னிக்கு இந்த வீட்டுல சோறு கிடையாது."

(இங்கே பாகீரதி குமுறி அழுவதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். எழுதிப் பார்த்தால் கொஞ்சமும் ஒட்டவில்லை. கூட்டல் பிழைக்கு அவள் கோபப்படுவாள், அழமாட்டாள். பத்தியைக் கிழித்தாயிற்று.)

கடைசியில் அவளே எழுதினாள்: "மேலே உள்ள தொகைகளே சரி. மொத்தம் நான் வேண்டுமென்றே கூட்டிப் போட்டது." அதில் கையெழுத்துப் போடுவது நெல்லையப்பனுக்குப் பல்லைப் பிடுங்குவதுபோல் இருந்தது. ஆனாலும் போட்டார். அதைத் தபாலில் அனுப்பவில்லை. தானே எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

4

அழகியநம்பியை வில்லனாக்க எனக்குக் கொள்ளை ஆசை. அதற்கென்றே அவருக்கு ஒரு மீசைகூட வைத்திருந்தேன். கடிதத்தைப் படித்ததும் அந்த மீசை துடித்தது. கோபம் என்றுதான் நெல்லையப்பன் நினைத்தார்.

"வோய், ஒளிச்சவங்களை நெறையப் பிடிச்சிருக்கேன். ஊதிக் காட்டினவனை இப்பந்தான் காணுகேன். எதுக்குவே இந்த வேலை?"

"உமக்காகத்தான்."

"எனக்காகவா?"

"எம் மவளை நீரு எடுக்கணுமே. வத்தல் கடைக்காரன்தானேன்னு நெனச்சிரப்படாதுன்னு..." நெல்லையப்பனுக்குக் காது சுட்டது. "கூடுதலாக் கட்டின காசு திரும்பக் கிடைச்சா போதும். பொண்டாட்டி மாலையை மீட்கணும். சம்பந்தம் வேண்டாம்னா இப்பமே சொல்லிரும்."

அழகியநம்பி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"எம் மவன் பி.ஏ. பாசுன்னு சொன்னேன்லா?"

"ஆமா."

"பாசாகல்ல. ரெண்டு தடவை எழுதியாச்சு. உம்ம பொண்ணு படிக்கிற பொண்ணாச்சே, வேண்டாம்னு சொல்லிருமோன்னு பயந்து நானும் கொஞ்சம் ஊதிப்போட்டேன்."

யார் முதலில் சிரித்தது என்பது எனக்கும் தெரியாது. கதவு சாத்தியிருந்தது. வெளியே இருந்த குமாஸ்தாக்கள், யாருக்கோ பெரிய அபராதம் விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

5

பணம் திரும்பி வந்தது. மாலை மங்கலத்தின் கழுத்துக்கு வந்தது. இவ்வளவும் உறுதி.

நெல்லையப்பன் நடந்ததை ஒளிக்காமல் வீட்டில் சொன்னார். பாகீரதி ஒன்றுதான் கேட்டாள்: "மாப்பிள்ளை எந்தப் பாடத்துல தோத்தாவளாம்?"

"கணக்குல."

மங்கலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"வரச் சொல்லுங்க எப்பா. நான் நேரா பேசணும். அப்புறந்தான் பதில்."

முடிவு அ: கல்யாணம். அவள் சொல்லிக்கொடுக்க, அவன் பாசாகிறான். (சர்க்கரை தூக்கல்.)

முடிவு ஆ: அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டு மேலே படிக்கப் போகிறாள். (கைதட்டலுக்காக எழுதியது. எனக்கே தெரிகிறது.)

முடிவு இ: "ஞாயிற்றுக்கிழமை அவன் மாடிப்படி ஏறி வந்தான். வந்தவன்..."

இதற்குமேல் எனக்கு ஓடவில்லை. வந்தவன் கதவுக்கு வெளியே தும்மிக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு ஒரு பேர்கூட நான் வைக்கவில்லை. பாகீரதியின் கை தாழ்ப்பாளில் இருக்கிறது. அவள் கேட்கப்போகும் முதல் கேள்வியும் அவன் சொல்லப்போகும் பதிலும் உங்கள் பொறுப்பு. சீக்கிரம் யோசியுங்கள், மங்கலம் வடைக்கு எண்ணெய் காயவைத்துவிட்டாள்.