புதன்கிழமை ஆன்ட்டி

ஃப்ரேசர் டவுனில் ஒரு பங்களாவின் மாடி அறையைத் தமயந்தி துடைத்துக்கொண்டிருந்தாள். பாதத்தை அமுக்கி மன அழுத்தத்தைப் போக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளி அது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் பெருகிய ஊரில் மன அழுத்தத்துக்குப் பஞ்சமில்லை. மாணவிகள் பழகிப் பார்க்கக் காலுக்குத்தான் பஞ்சம். ஆகவே, புதன்கிழமைகளில் துடைப்பத்தை வைத்துவிட்டு வந்து மேஜைமேல் படுக்கும்படி பள்ளியை நடத்தும் யூனிஸ் மிஸ் தமயந்தியிடமே சொல்லிவிட்டாள்.

முதல் நாள் கூச்சத்தில் காலை இழுத்து இழுத்துக்கொண்டாள். பித்தவெடிப்பும் பினாயில் வாடையுமாக இருந்த அந்தக் காலை ஷ்ரேயா என்ற மாணவி மடியில் ஏந்தி, வெதுவெதுப்பான எண்ணெய் தொட்டு அமுக்கினாள்.

"வலிச்சா சொல்லுங்க ஆன்ட்டி."

மற்ற நேரமெல்லாம் தமயந்தி அவர்களுக்கு ஆயாதான். மேஜைமேல் மட்டும் ஆன்ட்டி. புருஷன் போனபின் ஸ்ரீராம்புரத்து ஒற்றை அறையில் அவள் தனி ஆள். அவள்மேல் பட்டதெல்லாம் சிவாஜிநகர் பஸ் நெரிசல்தான். அன்று வீட்டுக்குப் போனதும் அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள். அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமை வந்தாலே துவைக்கிற கல்லில் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

ஷ்ரேயாவுக்குத் தேர்வு வந்தது. தமயந்தி மேஜைமேல் படுத்திருக்க, பெண் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்போ மைண்ட் எப்படி இருக்கு தமயந்தி? முன்ன இருந்த பாரம்?" என்று யூனிஸ் மிஸ் கேட்டாள்.

அந்தப் பெண் பாஸாக வேண்டுமே என்று தமயந்தி வாயாரச் சொன்னாள். அதில் பொய்யும் இல்லை. "சுத்தமா போச்சு மிஸ். படுத்தா தூக்கம் வருது. சும்மா சும்மா அழுவறதுகூட நின்னுபோச்சு. ராசியான கை மிஸ், இந்தப் பொண்ணுக்கு."

மிஸ் கைதட்டினாள். "வெரி குட்! அப்போ உங்களுக்கு முடிஞ்சுது. அடுத்த வாரத்துலேருந்து வேற ஆளு. ஸ்ட்ரெஸ் இருக்கறவங்கதான் வேணும், இல்லாட்டி பொண்ணுங்க எதைக் குறைச்சுக் காட்டறது?"

தமயந்தி அவசரமாக எழுந்து உட்கார்ந்தாள். "இல்ல மிஸ், கொஞ்சம் பாரம் இன்னும் இருக்கு. வீட்டுக்குப் போனா வந்துடுது."

எல்லோரும் சிரித்தார்கள். ஷ்ரேயாவும்தான்.

அடுத்த புதன்கிழமை எதிர் டீக்கடை சரளா மேஜைமேல் படுத்திருந்தாள். தமயந்தி வாளியோடு கதவோரம் நின்றாள். எண்ணெய்த் துண்டோடு ஷ்ரேயா வெளியே வந்ததும், வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

"ஆயா, இதைத் துவைச்சுடுங்க" என்று துண்டை வாளிக்குள் போட்டுவிட்டு ஷ்ரேயா உள்ளே போனாள்.

நீட்டிய கையைத் தமயந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கையில் ஈரம் எதுவும் இல்லை.