எல்லோரும் சரியாகப் போட்ட கேள்வி

இலக்கணக் கேள்வி எழுதுகிறவர்கள் இருக்கும் வீட்டில் யாரும் வாயைத் திறக்க முடியாது. பேசியதெல்லாம் தேர்வுத்தாளுக்குப் போய்விடும். அவளுடைய கணவர் அந்த விஷயத்தில் பொல்லாத மனிதர். ‘ஈரத் தலையோடு ஓடிவந்த மகளின் பூனை பாலைக் குடித்தது’ என்று எழுதி, ஈரத் தலை மகளுக்கா பூனைக்கா என்று பிள்ளைகளைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தார்.

மாரடைப்பில் அவர் போய்ச் சேர்ந்தார். அவருடைய கேள்விகள் போகவில்லை. தேர்வு வாரியத்தில் எழுதிய கையோடு எதுவும் அச்சுக்குப் போகாது. மதிப்பெண் இல்லாமல் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்து, தேறியதைத்தான் கேள்விச் சேமிப்பில் சேர்ப்பார்கள். அப்படிச் சலித்தெடுக்கும் வேலை அவளுடையது. பட்டப்பகலில், பக்கத்து மேசையில் ஆள் இருக்கும்போதே, செத்த மனிதர் தன் கேள்விகள் வழியாகத் திரையிலிருந்து அவளைக் கேலி செய்தார். முதுகு சில்லிட்டது. ஆனாலும் மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

மற்றதெல்லாம் தேறாமல் கழிய, கடைசியாக ஒன்று மிஞ்சியது. ‘சாவியை மறந்த மேதைகள் இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது.’ வினைமுற்றைத் திருத்த வேண்டும். அவளும் மகளும் பூட்டிய வீட்டுக்கு வெளியே அவருக்காகக் காத்திருந்த நாள் அது. வந்ததும் அவர் சூட்டிய பட்டம்தான் ‘மேதைகள்’.

“எல்லாரும் சரியாப் போட்டிருக்காங்க. இதை வச்சு யாரைத் தரம் பிரிக்கிறது? தூக்கிடுங்கம்மா,” என்றார் மேலாளர்.

தூக்கினால் கணவரின் பேச்சு அதோடு அடங்கிவிடும். அதை அவளால் தாங்க முடியாது. எல்லோருக்கும் விடை தெரிந்த கேள்வியால் யாருக்கு என்ன கெடுதல் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மேலாளர் நகர்ந்ததும் ‘ஏற்கலாம்’ என்று அழுத்தினாள். எந்த வருடத் தாளில் அது வரும் என்பது அவளுக்கே தெரியாது.

சில வருடங்கள் கழித்து மகள் அந்தத் தேர்வை எழுதினாள். மேற்படிப்புக்கு அதை விட்டால் வேறு வழியில்லை. கூட்டமெல்லாம் கலைந்த பிறகுதான் வெளியே வந்தாள்.

“அம்மா, உள்ள அப்பா இருந்தாரு. நம்மள மேதைகள்னு சொன்னாரு.”

அவள் அவசரமாகக் கேட்டாள்: “விடை போட்டியா?”

“இல்லம்மா. அந்தப் பக்கத்தத் திருப்பவே மனசு வரல. படிச்சுக்கிட்டே இருந்தேன், மணி அடிச்சிட்டாங்க.”

“மிச்சக் கேள்வியெல்லாம்?”

“போனாப் போகுது. அடுத்த வருஷமும் எழுதுறேன்.” மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா மறுபடி வருவாருல்ல?”

ஒரு முறை அச்சேறிய கேள்வியை வாரியம் மறுபடி எடுப்பதில்லை.