சிங்கத்தின் முதுகு

சிகாகோவில் பழைய நாடகக் கொட்டகை ஒன்றை இடிக்கிறார்கள் என்றால் முதலில் வந்து நிற்பது டன்லெவியின் லாரிதான். முகப்பில் பதித்த சுடுமண் பூக்கள், தேவதைகள், சிங்கமுகங்கள் எல்லாவற்றையும் பெயர்த்து வந்து தன் கிடங்கில் வைத்து விற்பான். வாங்க வருகிறவர்கள் மூக்கு உடைந்திருக்கிறதா, மெருகு போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அல்பினா ஒருத்திதான் ஒவ்வொரு சிங்கமுகத்தையும் திருப்பிப்போட்டு, சுவரோடு ஒட்டியிருந்த முதுகைப் பார்த்தாள்.

முதுகில் என்ன இருக்கப்போகிறது? குழிவும் கரியும்தான். ஆனால் இந்த முறை இடித்த கொட்டகையின் சிங்கங்களுக்காக அச்சுக்குள் களிமண்ணைக் கையால் அழுத்திய ஆட்களில் அவள் அப்பா ஒந்த்ரேயும் ஒருவர் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அழுத்திய விரல்தடம் சூளையில் வெந்து அப்படியே உள்ளே கிடக்கும். அல்பினா சிறுமியாக இருந்தபோதே விஷக்காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. ஒரு படம்கூடக் கிடையாது. முகம் சுத்தமாக மறந்துவிட்டது, பாவம். மாதா கோயிலுக்குப் போகும்போது தன்னைப் பிடித்திருந்த கை மட்டும் நினைவிருக்கிறது. நடுவிரல் பாதியோடு நின்றுபோன கை. இந்த ஐம்பது வயதிலும், தெருவில் யாராவது மகளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனால் அவள் நின்று அந்தக் கைகளையே பார்ப்பாள்.

கடைசியில் ஒரு சிங்கத்தின் முதுகில் அந்தக் குட்டைத் தடம் தெரிந்தது. சுற்றிலும் ஆட்கள் நின்றதால் கைவைக்கக் கூச்சம். "இதை எடுத்து வைங்க, சனிக்கிழமை வண்டியோட வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

சனிக்கிழமை டன்லெவி சிரித்த முகத்தோடு வந்தான். "வாங்க அம்மணி. உங்க சிங்கத்துக்கு ராஜவைத்தியம் பண்ணி வெச்சிருக்கேன்."

முதுகு முழுக்கச் சிமெண்டு. வழவழவென்று பூசியிருந்தான்.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"தோட்டத்துச் சுவர்லதானே பதிப்பீங்க? குழியில தண்ணி நின்னு, குளிர்ல உறைஞ்சா ரெண்டாப் பொளந்துடும். எல்லாருக்கும் பண்றதுதான்."

அல்பினா பக்கத்திலிருந்த பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "உள்ளே எங்க அப்பா விரல்தடம் இருந்துச்சுங்க. அதுல என் விரலை வெச்சுப் பாக்கணும்னுதான் கேட்டேன்."

டன்லெவியின் முகம் செத்துவிட்டது. "வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சுரண்டினா தடமும் சேர்ந்து போயிடுமே. கரி அப்பியிருந்துச்சா, சிமெண்டு ஒழுங்கா ஒட்டக்கூட இல்ல. ஆனா குழிக்குள்ள நல்லா எறங்கி இறுகிடுச்சு."

"ஒட்டலையா?"

"ஒட்டல."

அவள் எழுந்தாள். "அப்ப சிங்கத்தை உடைங்க."

"உங்களுக்கென்ன கிறுக்கா? வந்ததுலயே மூக்கு முழுசா இருக்கிற சிங்கம் இது ஒண்ணுதான்."

"மூக்கை நீங்களே வெச்சுக்குங்க. உடைங்க."

முணுமுணுத்துக்கொண்டே முகத்தை மேலாக வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டினான். மூக்கு போனது, பிடரி போனது, சுடுமண் ஓடு துண்டு துண்டாகக் கழன்று விழுந்தது. அடியில் சிமெண்டு மட்டும் நின்றது. அல்பினா குனிந்து தூசியை ஊதினாள்.

குழிகள் இருந்த இடத்திலெல்லாம் விரல்கள் மேலெழுந்து நின்றன. தடித்த, உழைத்த விரல்கள். நடுவில் ஒன்று மட்டும் குட்டை.

கையுறையைக் கழற்றிவிட்டு அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டியில ஏத்தட்டுமா அம்மணி?" என்றான் டன்லெவி.

"கொஞ்சம் இருங்க" என்றாள்.