வெளிப்பக்கம் திறக்கும் கதவு

வருஷத்துக்கு நாலு தூறல் விழுந்தாலே பெரிசு என்கிற ஊர். தெருவில் மழைநீர்க் கால்வாய் என்று ஒன்று கிடையாது. அதனால், கடலிலிருந்து ஆறு போல நீண்டு வரும் ஈரக்காற்று ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் என்று ரேடியோ சொன்னதைத் தையல்காரி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவளுடைய தையல் அறை, தெருவிலிருந்து படியிறங்கிப் போகும்படி, கட்டடத்தின் தரைக்குக் கீழே இருந்தது. கூட வேலை செய்பவள் அண்ணி. அண்ணனை வேறு ஊருக்குக் கிளப்பப் பார்க்கிறாள் என்று இவளுக்குக் கோபம். இரண்டு மாதமாக வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை.

மழை கொட்டத் தொடங்கிய அன்று காலை பத்து மணிக்குக் கதவடியில் தண்ணீர் கசிந்தது. வெட்டுத்துணிகளைத் திணித்து அடைத்துவிட்டுத் தையலைத் தொடர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போனது. கதவிடுக்கில் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர் பீச்சியடித்தபோதுதான் அவள் எழுந்து கதவுக்கு ஓடினாள். வெளிப்பக்கம் திறக்கும் கதவு. இருவரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள், அசையவில்லை. கத்தினார்கள், யார் காதிலும் விழவில்லை. போனில் சிக்னல் இல்லை.

"படிக்கட்டுல நிக்கிற தண்ணிதான் கதவை அமுக்குது. உள்ளயும் அதே அளவு ஏறணும். அப்பத்தான் விடும்" என்றாள் அண்ணி.

"தண்ணிய நாமளே உள்ள விடணுமா? பைத்தியமா உங்களுக்கு?"

"வேற வழி இருந்தா சொல்லு."

கதவின் கீழ்ப்பகுதியில் காற்று வர இடைவெளி விட்டிருந்த சட்டங்களைப் புழுதிக்குப் பயந்து தையல்காரி பலகையடித்து மூடியிருந்தாள். அந்தப் பலகையை வெட்டுக் கத்தரியால் இருவருமாக நெம்பினார்கள். அது பிய்ந்த வேகத்தில் அண்ணி மல்லாந்து விழுந்தாள். சேற்றுத் தண்ணீர் பாய்ந்து வந்தது. முழங்கால், தொடை, இடுப்பு. ஆறு தையல் மெஷின்களும் ஒவ்வொன்றாக மூழ்கின. இருவருக்கும் நீச்சல் தெரியாது.

"இப்பத் தள்ளலாமா அண்ணி?"

"இன்னும் கொஞ்சம்."

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. அந்தக் கொஞ்ச நேரம் போல நீண்ட நேரத்தை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. அண்ணியின் முந்தானையை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டு தள்ளினாள். கதவு முனகியபடி விலகியது.

கொட்டும் தண்ணீரை எதிர்த்துப் படியேறி, முதல் மாடி வராந்தாவில் போய் விழுந்தார்கள். கீழே தெருவில் கார்கள் மிதந்துகொண்டிருந்தன.

மூச்சு திரும்பியதும் அவள் சொன்னாள்: "ஊரை விட்டுப் போகாதீங்க அண்ணி."

அண்ணி முடியைப் பிழிந்துகொண்டே, "போகத்தான் போறோம்" என்றாள். "நீயும் வா."

அண்ணியின் முந்தானையை அவள் இன்னும் விடவில்லை.