பெனிட்டா செய்த டிரைவர் மாடல்

காலையில் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புகிறேன். பால் காய்ச்சுகிறேன். சட்டை தேய்க்கிறேன். சைக்கிளில் கல்லூரிக்குப் போய் ஆய்வகத்தைத் திறக்கிறேன். கணினியை மூடியிருக்கும் துணியை எடுத்து மடிக்கிறேன்.

என் மனைவி பெனிட்டா அந்தக் கணினியில்தான் மாடல் செய்தாள். இருவரும் எலக்ட்ரானிக்ஸ் துறையில் விரிவுரையாளர்கள். தொண்ணூற்றெட்டில் பெங்களூர் கம்பெனி ஒன்று அவளிடம் ஒரு சிப் கொடுத்தது. அதன் வெளியீட்டுப் பகுதிக்கு டிரைவர் என்று பெயர். ஒரே சிக்னலை சிப்பின் இரண்டு கம்பிக் கால்கள் வழியே, ஒன்றுக்கொன்று எதிராக அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் செய்தி. உள்ளே என்ன சர்க்யூட் என்று தயாரித்தவர்கள் சொல்லமாட்டார்கள். வெளியே அளந்து, அதே மாதிரி நடந்துகொள்ளும் மாடலைக் கணினியில் உருவாக்க வேண்டும். அதை நம்பித்தான் கம்பெனி சர்க்யூட் போர்டு அடிக்கும். மாடல் தப்பென்றால் போர்டு குப்பை.

துறைத்தலைவர் காசிவிஸ்வநாதன் சார் அவசரப்படுத்தினார். “ரெண்டு கால்தானம்மா? ஒவ்வொண்ணா அளந்து முடிச்சுவிடு.”

எல்லோரும் அப்படித்தான் அளப்போம்.

“புருசனையும் பொண்டாட்டியையும் தனித்தனியா விசாரிச்சா என்ன சார் தெரியும்? ரெண்டு பேருமே நல்லவுகதான்.”

சார் என்னைப் பார்த்தார். “நீங்க என்ன சொல்றீக?”

“நான் தனியா இருக்கும்போது கேளுங்க சார்.”

அவள் ஒரு காலின் வோல்டேஜை மாற்றிக் காட்டினாள். தொடாத காலில் கரன்ட் மாறியது. ஒரு காலை ஓரிடத்தில் நிறுத்தி மற்றதை முழுக்க ஓட்டினாள். முதல் காலை ஒரு படி நகர்த்தி மறுபடி ஓட்டினாள். கோடாக இருந்த அளவு, பாய் விரித்தாற்போலப் பரப்பானது. நடுவில் மின்சாரம் நின்றால் சிப் ஆறி அளவு மாறிவிடும். அந்த வரிசை முழுவதையும் திரும்ப அளப்பாள். மூச்சு வாங்கும். உட்காரச் சொல்வேன்.

“உக்காந்தா மட்டும் வால்வு தானா சரியாயிருமா?”

இதய வால்வு. மதுரையில் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தோம். மாடல் சரிதானா என்று தெரிந்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும் என்றாள்.

ஆபரேஷன் அன்று காலை சார் ஒப்பீட்டுப் படத்தோடு மதுரை ஆஸ்பத்திரிக்கே பஸ் ஏறி வந்துவிட்டார். மாடல் ஒரு கோடு, சிப்பை ஆசிலோஸ்கோப்பில் அளந்தது ஒரு கோடு. இம்மியும் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன. சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பெனிட்டா தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “இவ்வளவு சுத்தமாப் பொருந்தாது சார். மாடலையே ரெண்டு தடவ வரைஞ்சிருக்கீக.”

சார் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். அப்படித்தான் ஆகியிருந்தது. கல்லூரியில் ஆய்வக உதவியாளர் முத்துராமன் சரியான அளவுகளைப் போட்டு வரைந்து முடிப்பதற்குள் இங்கே ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

அவள் திரும்பவில்லை.

முத்துராமன் வரைந்த படத்தைப் பிறகு பார்த்தேன். கோடுகள் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. ஏற்றம் முடியும் மூலையில் மட்டும் மயிரிழை விலகல். அந்த மாடலை வைத்து அடித்த முதல் போர்டே வேலை செய்தது. இத்தனை நேர்த்தியான வேலையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

ஆபரேஷன் அறை வாசலில் அவள் சொன்னது இதுதான்:

“மூலையில கொஞ்சம் விலகியிருக்கும். அதை அழகுபடுத்திறாதீக. அப்படியே அனுப்புங்க.”