ஏங்குதல்: இரண்டாம் பொருள்

நுண்ணிதின் உணர்வீர், கதிரவன் மலைகளின் பின்னே சாயத் தொடங்கிய பிற்பகலில், நாப்போலிக்குச் செல்லும் பெருங்கலங்கள் பெருமூச்செறிந்து நின்ற இத்தாலியின் பலேர்மோ துறைமுகத்தினின்று எழுந்த உப்புக்காற்று, பல்லரோச் சந்தையின் மீன்வாடையையும் பழமணத்தையும் ஒருசேரச் சுமந்து, வியா மக்வேதாவின் கடைவரிசையைத் தடவி, அத்தெருவின் மேல்மாடியொன்றில் இருந்த வழக்கறிஞர் செலஸ்ரீனாவின் அறைக்குள் அழையா விருந்தென நுழைந்தது.

அவ்வறையில், யாழ்ப்பாணத்தினின்று வந்து இந்நகரின் மனையொன்றில் பணிசெய்த சிவமலர், தன்னிடம் அத்துமீறிய மனைத்தலைவன்மேல் முறையிட வந்து அமர்ந்திருந்தாள். அருகே, இந்நகரிலேயே பிறந்து வளர்ந்து, தமிழினும் இத்தாலியமே நன்கறிந்த மகள் கேசிகா. எதிரே, தமிழ்நாட்டினின்று ஆய்வுக்கு வந்து, அன்று மொழிபெயர்க்க இசைந்த பாரதிப்ரியா.

“பின்னாலை வந்து கையைப் பிடிச்சார். நான் அப்பிடியே ஏங்கிப் போனன்,” என்றாள் சிவமலர்.

பாரதிப்ரியா அதனை இத்தாலிய மொழியில் உரைத்தாள். உரைத்த அளவில் செலஸ்ரீனாவின் எழுதுகோல் நின்றது. கேசிகாவின் முகம் விளக்கவிந்த மாடம்போல் இருண்டது. அவன் கைபட்டதும் அவனுக்காகவே உருகினேன் என்றன்றோ அவள் செவியில் விழுந்தது! மெல்லத் திரும்பித் தாயை நோக்கினாள்; அந்நோக்கில் வினா இருந்தது, வினாவினும் கொடிய ஐயமும் இருந்தது.

“என்னடி அப்பிடிப் பார்க்கிறாய்?”

“அந்தாளிலை உங்களுக்கு ஆசை வந்ததாம், அம்மா.”

“விசரே உனக்கு? பயத்திலை நெஞ்சு விறைச்சுப் போச்சு. அதைத்தானே சொன்னனான்.” பின்னர் எதிரே திரும்பி, “தங்கச்சி, நீங்கள் கதைக்கிறது எந்தத் தமிழ்?” என்றாள்.

“எங்க ஊர்ல ஏங்குறதுன்னா ஆசைப்படுறதுதாங்க அக்கா,” என்ற பாரதிப்ரியா, கைபேசியில் அகரமுதலியைத் திறந்தாள். ஏங்குதல், விரும்பி வாடுதல்: முதற்பொருள் அதுவே. அதன்கீழ், எவரும் எட்டிப் பாராத அறையில் அடைபட்டாரைப்போல், அஞ்சுதல், திகைத்தல் என்னும் பொருள்கள் ஒடுங்கிக் கிடந்தன. கண்டவள் வெளிறிப்போய்த் தன் பிழையை வழக்கறிஞரிடம் எடுத்துரைத்தாள், எழுதிய தொடர் அடிக்கப்பட்டது, முறையீடு கெடாது தப்பியது.

ஆயினும் சிவமலர் கையொப்பமிடாமல் மகளையே பார்த்திருந்தாள்.

“நீ நம்பினனீ, என்ன?”

இல்லையெனத் தலையசைக்கக் கேசிகா ஒரு கணம் பிந்தினாள். அக்கணத்தில் அத்தாய் மீண்டும் ஏங்கிப் போனாள். பொருள் வகுத்தோர் முதலென்றும் இரண்டென்றும் வரிசையிட்டு வைத்தவை யாவும் அவள் நெஞ்சில் வரிசையின்றி ஒருங்கே புகுந்தன. அவற்றை மொழிபெயர்க்குமாறு அங்கே எவரும் கேட்கவில்லை.