பதினோரு ஆள் வேலை பார்க்கும் கை

கரும்பு ஆலையில் சிக்கித் துண்டான என் வலது கை மூன்றாம் நாளே வேலைக்குத் திரும்பிவிட்டது. நான் திரும்பவில்லை. எனக்கு இன்னும் தையல் பிரிக்கவில்லை.

கை காலை ஆறு மணிக்கு வரும். கரும்பை எடுத்து உருளைக்குள் விடும். சக்கையை அள்ளும், பாகைக் கிண்டும். ஒரே வாரத்தில் மற்றப் பத்துப் பேரையும் நிறுத்திவிட்டார்கள்.

"தங்கமான கை புள்ள. பேச்சே கெடையாது" என்றார் ஆலை முதலாளி செங்கோடன். என்னை அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

நஷ்டஈடும் வேலையும் கேட்டுப் பதினோரு பேரும் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். நடக்க நடக்க அங்கே தாழ்வாரம் நீண்டது. பாதி வழியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டோம்.

கடைசி அறையில் ஓர் அம்மா இருந்தார். அவர்தான் அதிகாரி.

"நீங்க தொழிலாளிங்கறதுக்கு என்ன அத்தாட்சி?"

"தெனமும் ரேகை வெச்சிருக்கறனுங்க."

ஆலையின் வருகைப் பதிவேடு அவர் மேசையில்தான் இருந்தது. புரட்டினார்.

காலையில் மற்றவர்கள் கையெல்லாம் மண்ணும் கரும்புச் சோகையுமாக இருக்கும். "ரேகைய வெச்சுட்டு வேலையப் பாருங்க" என்று முதலாளி கத்துவார். நான் ஓடிப்போய்ப் பதினோரு பேருக்கும் என் பெருவிரலையே உருட்டிவிடுவேன். ஏழு வருஷமாக. அதை உபகாரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"எல்லாம் ஒரே ரேகை" என்றார் அதிகாரி. "சட்டப்படி அந்தக் கைதான் தொழிலாளி. பதினோரு பேரும் அதுதான்."

"அப்ப நாங்க ஆருங்க?" என்றாள் என் தங்கை பாவாயி.

"கூட வந்தவங்க."

"மனுக் குடுக்கலாமுங்களா?"

"தாராளமா. தொழிலாளி ரேகை வெக்கணும்."

மனுவை எழுதி வாங்கிக்கொண்டு ஆலைக்குப் போனோம். கை பாகு கிண்டிக்கொண்டிருந்தது. என் பச்சை வளையல் இன்னும் அதில் கிடந்தது.

"கொஞ்சம் வா சாமி" என்றேன்.

கை சாக்கில் துடைத்துக்கொண்டு வந்து என் மடியில் உட்கார்ந்தது. சூடாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாவாயி மைப்பெட்டியைத் திறந்து நீட்டினாள். கை பெருவிரலை மையில் ஒற்றியது.

முதலாளி திண்டின் மேல் வேறொரு தாளை விரித்தார். 'ஆலையில் விபத்து ஏதும் நடக்கவில்லை' என்று அதில் இருந்தது. கையால் படிக்க முடியாது. கண் என்னிடம் இருந்தது.

"ரேகைய வெச்சுட்டு வேலையப் பாருங்க" என்று கத்தினார்.

கை என் மடியிலிருந்து குதித்து ஓடியது. அந்தத் தாளில் பதினோரு முறை உருட்டியது. பிறகு பாகு கிண்டப் போய்விட்டது.

"எனக்கும் சேத்தி வெச்சுட்டியாக்கா?" என்றாள் பாவாயி.